தீ என்று எழுதச் சொன்னார்கள்

குன்றத்தூர் முருகன் துணை

இரும்புலியூர்,
ஆவணி மாதம், 1993.

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அப்பா அரிகிருஷ்ணன் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளை துரையும் நாக்பூரில் சுகமாக இருக்கிறீர்களா? இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்களில் எல்லாம் நலம் நலமறிய ஆவல் என்று இருந்திருக்கும், அது மாடி வீட்டு சார் எழுதுகிற வரி, அவர் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அதைத்தான் எழுதுவார். நான் கேட்டிருப்பது கேள்வி. கேள்வி என்றால் கடைசியில் கொக்கி மாதிரி ஒன்று போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், போட்டிருக்கிறேன் பார்.

உறையைப் பிரித்ததும் இது யார் எழுத்து என்று திகைத்திருப்பாய். மாடி வீட்டு யக்ஞநாராயணன் சார் எழுத்து கோலம் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். இதில் எழுத்துகள் சாயங்கால பீச் ரயிலில் நிற்கிற ஜனங்கள் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பயப்படாதே அம்மா, இது என் கைதான். சார் பேரை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அவர் வீட்டுக் கதவில் இருக்கும் பெயர்ப் பலகையைப் போய்ப் பார்ப்பதும் திரும்பி வந்து எழுதுவதுமாக இருந்தேன், என்ன அரிகிருஷ்ணா கதவையே பாத்துண்டு நிக்கறே, விலைக்குக் கேக்கறியா என்று அவரே கேட்டுவிட்டார். என் பேரிலும் ஷ் என்று ஒரு கஷ்டமான எழுத்து இருக்கிறது, இதை என் தலையில் கட்டியதற்கு என் அப்பாவை எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டினேன். இப்போது பென்ஷன் வாங்கப் போனால் மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். ரயில்வேயில் கலாசியாகத் தாம்பரம் ஸ்டேஷனிலேயே என் காலம் போயிற்று, மஞ்சள் பலகையில் கறுப்பாக இருப்பது ஊர்ப் பேர் என்று மட்டும்தான் தெரியும், அதில் தா எது, ம் எது என்று பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிளாட்பாரத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். தாம்பரம். பக்கத்தில் நின்ற ஒருவர், ஆமா பெரியவரே தாம்பரந்தான், நீங்க எங்க போணும் என்று கேட்டார். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை, சும்மா படித்தேன் என்றேன். அவருக்கு ரயில் வந்துவிட்டது, போய்விட்டார். அதை வந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

இந்த வயதில் எதற்கு இது என்று நீ நினைக்கலாம். போன வருஷம் சித்திரையில் உன் அம்மாவின் திவசத்துக்கு வந்துவிட்டு நீ திரும்பியபோது சென்ட்ரலுக்கு ரயில் ஏற்ற வந்தேன். அந்த வெயிலில் நீ மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாய், இங்கே இருந்த நாளெல்லாம் அதே மாதிரிதான் போட்டிருந்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய், பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீ நிறுத்திக்கொண்டாய். ஊருக்குப் போய் லெட்டர் போடு என்று நான் சொன்னேன். அதற்கு நீ, போடறதுக்கு எவ்வளவோ கீதுப்பா, போட்டா மாடி வூட்டு வராண்டாவுல இல்ல படிப்பாங்க என்றாய். அவ்வளவுதான், ரயில் நகர்ந்துவிட்டது. சாரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் தங்கமானவர், ஆனால் அவருக்குக் காது மந்தம், தனக்கே கேட்க வேண்டும் என்று உரக்கப் படிப்பார், தண்ணீர் லாரிக்கு நிற்கிற பெண்கள் எல்லாம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். படித்து முடித்ததும் பேஷ், பொண்ணு சௌக்கியமா இருக்கா என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். அன்றைக்கு சென்ட்ரலில் இருந்து மின்சார ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. நீ எழுதாமல் வைத்திருப்பது என்ன என்பதுதான் ஓடியது. இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அதற்காகத்தான் படித்தேன்.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் அறிவொளி வகுப்பு நடக்கிறது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுப் பெண் கிருபாதான் சொல்லித் தருகிறாள், காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள், நல்ல பெண், அடிப்பதில்லை. பெஞ்சு எல்லாம் சின்னக் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வருகிறது. பாப்பா அங்கே ஒண்ணாம் வகுப்பு, நான் இங்கே ஒண்ணாம் வகுப்பு, அவளிடம் சொல், தாத்தாவும் வீட்டுப்பாடம் எழுதுகிறார் என்று. என் பக்கத்தில் மீன்பாடி வண்டி ஓட்டுகிற சேட்டு, முன் பெஞ்சில் ஸ்டேஷன் வாசலில் கீரை விற்கிற செல்லம்மா, உனக்கு இருவரையும் தெரியும், இன்னும் சில பேர் வருவார்கள், மழை வந்தால் வரமாட்டார்கள், இந்த வருஷம் மழையும் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் ஐந்து பூதம் பாடம் வந்தது. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். கிருபா என்ன சொன்னாள் என்றால், இதை மனப்பாடம் பண்ண வேண்டாம், இந்த அஞ்சுல ஒவ்வொண்ணையும் பாத்து இனிமே நான் இத செய்வேன்னு ஒரு வரி எழுதணும், யாருக்காகவும் இல்ல, உங்களுக்காக என்றாள். இந்த வயதுக்கு மேல் நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று எல்லோரும் முழித்தோம். சேட்டுதான் முதலில் எழுந்து, டீச்சர், தண்ணிக்கு நேரா தண்ணிய வுட்டுடணும்னு எழுது என்றார். அதற்குச் செல்லம்மா, காத்தால வந்து சொல்லு சேட்டு, இப்ப நீ வாயத் தொறந்தா எங்களுக்கே ஏறுது என்றாள். கிருபா மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உன் அம்மா போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான், சிரித்து முடித்ததும் தொண்டை வலித்தது.

நிலத்தைப் பார்த்துப் பொறுமையாக இருப்பேன் என்று எழுதலாம் என்று கிருபா எடுத்துக் கொடுத்தாள். பாதிப் பேர் அதையே எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்து பொறுத்தது போதும் என்று தோன்றியது. நிலம் இருப்பது நடப்பதற்கு, அதனால் தினமும் நடப்பேன் என்று எழுதினேன். காலையில் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகவே ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன். முழங்கால் முதலில் மாட்டேன் என்றது, இப்போது வழிக்கு வந்துவிட்டது, ரயில் படி ஏற முடிகிறது, ஏறிப் பார்த்தேன், பிறகு இறங்கிக்கொண்டேன். நடக்கும்போது பலகைகளைப் படிப்பேன். இங்கு பஞ்சர் ஒட்டப்படும். நாட்டுக்கோழி கிடைக்கும். வீடு வாடகைக்கு. முன்பெல்லாம் அந்த ரோடு எனக்கு வண்டிச் சத்தம் மட்டும்தான். இப்போது இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. பேசுவதற்கு வேறு யாரும் இல்லாதவனுக்கு அது பெரிய உதவி.

நீருக்கு எழுதியதைச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய். இந்த வருஷம் தண்ணீர் கஷ்டம் உனக்குத் தெரியாது, அடி பம்பில் காற்றுதான் வருகிறது, லாரிதான் கதி. எல்லோரும் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்தால் நான் ஒன்று வைப்பேன். தாத்தா, ஒண்ணு போதுமா என்று பெண்கள் கேட்பார்கள். ஒரு ஆளுக்கு எதுக்கு என்பேன். உண்மை என்ன என்றால் குளிப்பதைக் கூட விட்டுவிட்டிருந்தேன், குளித்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அதனால் நீருக்கு நேராக, தினமும் குளித்து வெளுத்த வேட்டி கட்டுவேன் என்று எழுதினேன். இப்போது இரண்டு குடம் வைக்கிறேன். நேற்று ஒரு பெண், இன்னா தாத்தா, மாப்பிள்ள கணக்கா கீற என்றாள்.

அடுத்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. பலகையில் வந்து ஐந்தையும் எழுதச் சொன்னாள் கிருபா. நான் போய் எழுதினேன், கை நடுங்காமல் எழுதினேன், எழுதிவிட்டு எல்லோரையும் பெருமையாகப் பார்த்தேன். சேட்டுவைப் படிக்கச் சொன்னாள். அவர் விரலை வைத்து, நிலம், நீர், நீ, காத்து, ஆகாயம் என்று படித்தார். வகுப்பே சிரித்தது. தவுக்கும் நவுக்கும் வால் ஒரே மாதிரி இருக்கிறது அம்மா, ஒன்றுக்கு வயிற்றில் ஒரு சுழி, மற்றதற்குச் சுழி இல்லாமல் நேர்கோடு, எனக்கு அந்தச் சுழி விட்டுப்போய்விட்டது. இன்னா பெர்சு, நெருப்ப எழுதச் சொன்னா என்ன எழுதிகினு கீற, நானா நெருப்பு என்றார் சேட்டு. நான் அழிக்கப் போனேன். கிருபா, அழிக்காதீங்க தாத்தா, அதுவும் ஒரு வார்த்தைதான், அதுக்கு நேராவே ஒண்ணு எழுதுங்க என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சாக்பீஸைத் திரும்ப எடுத்தேன். பிறகு, சாமுண்டி சொல்வதை நானே படிக்க வேண்டும் என்று எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. சாமுண்டின்னா நாக்பூருக்குக் குடுத்தியே அந்தப் பொண்ணா அண்ணே என்று செல்லம்மா கேட்டாள், ஆமாம் என்றேன். செல்லம்மா உடனே கிருபாவைப் பார்த்து, அப்ப தப்பே இல்ல டீச்சர், பொண்ணத் தூரமா குடுத்தவன் வயித்துல கட்டிகினு கீறது நெருப்புதான், பெரியவரு கரெக்டாதான் எழுதிகிறாரு என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சேட்டு கூடச் சிரிக்கவில்லை.

தீக்கு மறுநாள் சரியாக எழுதினேன், ராத்திரியில் அடுப்பு மூட்டுவேன் என்று. உன் அம்மா போன பிறகு காலையில் மட்டும் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடிப்பேன், ராத்திரிக்கு முஸ்தபா பாய் கடையில் டீயும் பன்னும். இப்போது ரசம் வைக்கிறேன். முதல் நாள் புளி அதிகமாகிவிட்டது, தனியாகவே உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுதும் குடித்தேன். காற்றுக்கு, சத்தமாகப் படிப்பேன் என்று எழுதினேன். சில நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் ஞாபகம் வரும், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று, தொண்டை துருப்பிடித்த மாதிரி இருக்கும். ஆகையால் பாய் கடையில் பேப்பரை எடுத்துத் தலைப்பை எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன். நீ ஒரு தலப்பு முடிக்கிறதுக்குள்ள நாளைக்கிப் பேப்பர் வந்துடும் பெர்சு என்று ஒரு ஆட்டோக்காரப் பையன் சொன்னான். முஸ்தபா பாய் அவனை, டேய் உனக்கு அவசரம்னா டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு, அண்ணன் மெதுவாப் படிக்கட்டும் என்று அதட்டிவிட்டார். மெதுவாகத்தான் படிக்கிறேன். ஆனால் விட்டுவிட்டுப் படிப்பதில்லை.

படிக்க வந்ததும் முதல் வேலையாக உன் பழைய கடிதங்களை எடுத்தேன். சார் ஏதாவது விட்டுவிட்டுப் படித்திருப்பாரோ, நாலு பேர் கேட்கிறார்கள் என்று மறைத்திருப்பாரோ என்று எனக்குள் ஒரு சந்தேகம். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன், நாள் கணக்கில் ஆயிற்று. சாமுண்டி, அவர் ஒன்றையும் விடவில்லை. நீதான் ஒன்றையும் எழுதவில்லை. எல்லோரும் சுகம், பாப்பா சுகம், இங்கே வெயில், இங்கே குளிர், நீங்கள் கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் அதேதான். இன்லாண்டு தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டிருக்கிறாய். எழுத்து தெரியாதபோது அந்த வெற்றுத் தாளும் எனக்குத் தெரியவில்லை, இப்போது அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன்.

ஆகாயத்துக்கு என்ன எழுதுவது என்று எனக்கு வரவில்லை. விமானப்படைக்காரர்கள் ஓட்டிப் பழகுகிற சின்ன விமானங்கள் நம் வீட்டு மேல்தானே சுற்றுகின்றன, விமானம் ஓட்டுவேன்னு எழுது பெர்சு என்றார் சேட்டு. கிருபா சொன்னாள், ஆகாயம்னா மேலே இருக்கறது மட்டும் இல்ல தாத்தா, காலி இடமும் ஆகாயந்தான், இடம் இருந்தாத்தானே ஒண்ணு வந்து நிக்க முடியும் என்று. அது என் மனதில் நின்றுவிட்டது. பின்னறையில் உன் அம்மா சேர்த்து வைத்த சாக்கு, உடைந்த நாற்காலி, ஓட்டைப் பானை எல்லாவற்றையும் சேட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பு அடித்தேன். பின் கதவு தாழ்ப்பாள் புதிதாகப் போட்டேன். வெளியூரிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் இருவர் அந்த அறையை வாடகைக்குக் கேட்டார்கள், பேச்சுத் துணைக்கும் ஆச்சே என்று சாரும் சொன்னார். நான் தரமாட்டேன் என்றேன். யாருக்கு வெச்சிருக்கே என்று கேட்டார், காலியாக இருக்கட்டும் சார் என்றேன். அந்த அறையில் இப்போது ஒன்றும் இல்லை. பேசினால் எதிரொலிக்கிறது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான்.

நான் உன்னை வா என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி நான் எதையும் தெரியாமல் பேசமாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்தது கை நீளமான ரவிக்கை மட்டும், அதற்குள் என்ன இருக்கிறது என்று நீ எழுது. ஒன்றும் இல்லை, வெறும் துணிதான் என்றால் அதையே எழுது, நான் உன் எழுத்தை நம்புகிறேன். வேறு ஏதாவது இருந்தால் அதை அப்படியே எழுது, எனக்காகக் குறைக்க வேண்டாம். நீ வரச் சொன்னால் வருகிறேன், இங்கிலீஷ் பலகை தெரியாவிட்டாலும் நாக்பூர் ஸ்டேஷன் வந்தால் எழுப்பிவிடச் சொல்லி யாரிடமாவது கேட்டுக்கொள்வேன். நீ வருவதாக எழுதினால் சென்ட்ரலில் வந்து நிற்பேன், ஏன் வந்தாய் என்று இந்தத் தெருவில் எவரும் உன்னைக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரோட்டில் புதிதாக எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார்கள், ஆனால் உன்னை எந்த நம்பரில் கூப்பிடுவது, கூப்பிட்டாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆள் நிற்கும். கடிதம்தான் நல்லது. விலாசம் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பதால் வெறும் உறையைக் கொடுத்து நேற்றே கிருபாவிடம் எழுதி வாங்கிக்கொண்டேன், இதை உள்ளே வைத்து நானே ஒட்டி நானே பெட்டியில் போடுவேன். வீட்டு விலாசம் போடவில்லை. நீ ஆயா வேலை செய்கிற பள்ளிக்கூடத்தின் தாள் ஒன்றில் ஒரு தடவை எழுதியிருந்தாயே, அதில் அச்சடித்திருந்த விலாசம்தான். ஏன் தாத்தா, வீட்டுக்குப் போடலியா என்று கிருபா கேட்டாள். பகலில் அவள் அங்கேதான் இருப்பாள் என்றேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தாள். தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன், அரிகிருஷ்ணன் பேருக்கு வந்தால் மாடியில் கொடுக்கக் கூடாது, என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று. நீங்களே படிச்சிக்குவீங்களா பெரியவரே என்று கேட்டார். படிப்பேன் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்குக் குளிக்கும் முன் நல்லெண்ணெய் வை. குன்றத்தூர் முருகன் உன்னையும் அவளையும் காப்பாற்றட்டும், நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவின் பேரிலும் சேர்த்து ஆசீர்வாதம் செய்கிறேன். மறக்காமல் பெரிய எழுத்தாக, இடம் விட்டு, பேனாவை அழுத்தி எழுது, அவசரத்தில் கிறுக்கினால் எனக்குப் பிடிபடாது. இது நான் எழுதிய முதல் கடிதம், உன்னிடம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் இதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்று உனக்குத் தோன்றினால், படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிடு அம்மா, எனக்கு வருத்தம் இல்லை. வேறு ஒன்று எழுத எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பதிலைத் தானே பிரித்துத் தானே படிக்கப் போகும்
அப்பா,
அரிகிருஷ்ணன்